டிஹுவானா சீசர்ஸ் உணவகமும் எங்கள் வீட்டு சீசர் சாலடும்

சான் டியாகோவுக்குத் தெற்கே சூலா விஸ்டாவில் இருக்கிறோம். மெக்சிகோ எல்லை வீட்டிலிருந்து காரில் 15 நிமிடம். இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அலுவலகக் கேண்டீன், விமான நிலையம், யார் யாரோ வீட்டுப் பிறந்தநாள் என்று இந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை சீசர் சாலட் சாப்பிட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். பொடிப்பொடியாக நறுக்கிய இலை, மேலே வெள்ளையாகக் கொழகொழவென்று சாஸ், கல் மாதிரி ரொட்டித் துண்டு, குளிர்ந்துபோன கோழிக்கறி. பசித்தால் சாப்பிடுவேன். ஆசைப்பட்டுக் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெக்சிகோ நகரமான டிஹுவானாவில் பிறந்து வளர்ந்தவர். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சாலட் பேச்சு வந்தது. எனக்குப் பிடிக்காது என்றேன். "நீ இன்னும் அதைச் சாப்பிடவே இல்லை" என்றார். "அது எங்கள் ஊரில் பிறந்தது. அங்கே போய் மேசைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொல். சாப்பிட்டுவிட்டு வந்து பேசு." அவர் சொன்ன இடம் அவெனிதா ரெவலூசியன் தெருவில் இருக்கும் சீசர்ஸ். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், கணவர், பதினொரு வயது மகள், தூத்துக்குடியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா, நான்கு பேரும் கிளம்பிப் போனோம்.

எல்லையைக் கடப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான் இசித்ரோவில் காரை நிறுத்திவிட்டு நடந்தே அந்தப் பக்கம் போய்விடலாம். எங்களுக்கு க்ரீன் கார்டு இருந்தது. அம்மாவுக்கு அமெரிக்க சுற்றுலா விசா, அதை வைத்தே உள்ளே விட்டார்கள். விதிகள் மாறக்கூடியவை, நீங்கள் போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து உணவகம் நடக்கிற தூரம்தான், ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் டாக்சி பிடித்தோம். திரும்பி வரும்போது வரிசை நீளம். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, கருமரத்தில் நீண்ட மதுக்கூட மேசை, சுவர் முழுக்கப் பழைய புகைப்படங்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை கலிஃபோர்னியாக்காரர்கள் குடிப்பதற்காக எல்லை தாண்டி இந்தத் தெருவுக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்டவர்களில் ஒருவர் சீசர் கார்டினி. 1896இல் இத்தாலியில், மஜோரே ஏரிக்கரையில் பாவெனோ என்ற ஊரில் பிறந்தவர். வீடு சான் டியாகோவில், கடை டிஹுவானாவில். இன்றைக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள், அல்லது அங்கே குடியிருந்து இங்கே வருகிறார்கள். அதனால் கார்டினியின் பிழைப்பு எனக்குப் பழைய கதையாகத் தோன்றவில்லை.

சாலட் பிறந்த கதையை அவருடைய மகள் ரோசா கார்டினி சொல்லிச் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1924 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். கூட்டம் அலைமோதியதில் சமையலறையில் சரக்கு தீர்ந்துபோக, கைவசம் இருந்த ரொமெய்ன் (நீளமான இலை கொண்ட லெட்டூஸ் வகை) இலை, முட்டை, ரொட்டி, சீஸ், எண்ணெய் ஆகியவற்றை மேசைக்கே எடுத்துவந்து விருந்தினர் கண்முன்னால் கலக்கிக் கொடுத்தார் என்கிறது அந்தக் கதை. ரோசா பிறந்தது 1928இல், எனவே அது அப்பா சொல்லக் கேட்டது. அங்கே வேலை பார்த்த லிவியோ சாந்தினி, அது தன் அம்மாவின் சமையல் என்று சொன்னதும் உண்டு. சீசரின் சகோதரர் அலெக்ஸும் அதைச் செய்தது தான்தான் என்று உரிமை கொண்டாடினார். யார் முதலில் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இருக்கிற பொருளை விருந்தாளி முன்னால் கொண்டுவந்து கலந்து கொடுத்தார்கள் என்ற பகுதியை, அதை நேரில் பார்த்த பிறகு, முழுசாக நம்புகிறேன். அந்தச் சாப்பாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது.

கார்டினி குடும்பம் பின்னால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போய்விட்டது. சாலட் சாஸைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். சீசர் 1956இல் இறந்தார். டிஹுவானாக் கடை பல கை மாறி, மூடிக் கிடந்து, 2010இல் ப்ளாசென்சியா குடும்பத்தார் எடுத்து மறுபடி திறந்தார்கள். 2024 ஜூலையில் சாலடுக்கு நூறு வயது என்று ஊரே விழா எடுத்தது.

சரி, மேசைக்கு வருவோம்.

சாலட் கேட்டதும் தள்ளுவண்டி வந்தது. அதன்மேல் எங்கள் வீட்டு இட்லிப் பானை அகலத்துக்கு ஒரு மரக் கிண்ணம், வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கறுத்தது. கலக்க வந்தவர் அறுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, மேலே கறுப்பு அரைக்கோட்டு. அம்மாவைப் பார்த்து "சென்யோரா" என்று தலை தாழ்த்தி வணக்கம் சொன்னார். பூண்டு அதிகம் வேண்டுமா என்று கேட்டார். அம்மாவுக்குப் பதில் சொல்ல மொழி தேவைப்படவில்லை, இரண்டு விரலைக் காட்டினாள்.

முதலில் எண்ணெயில் ஊறிய ஆன்ச்சோவி மீன் துண்டுகள், நசுக்கிய பூண்டு. இரண்டையும் மரக்கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் சுவரோடு வைத்துத் தேய்த்தார். மீன் இருந்த இடம் தெரியாமல் விழுதாகிவிட்டது. அதன்மேல் டிஜோன் கடுகு (பிரெஞ்சுக் கடுகு விழுது), வுஸ்டர்ஷைர் சாஸ், மிளகு. மிளகை அங்கேயே அரைத்தார், வாசனை மேசைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. அடுத்து முட்டையின் மஞ்சள் கரு. ஒரு எலுமிச்சையை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தார். அப்புறம் இடது கையில் ஆலிவ் எண்ணெய் நூல் மாதிரி இறங்க, வலது கை நிற்காமல் சுற்றியது. துருவிய பார்மசான் சீஸை அள்ளிப் போட்டார். கிண்ணத்தில் இருந்தது வெண்ணிறச் சாஸ் இல்லை. மங்கிய மஞ்சளில், நீர்த்த கூழ் பதத்தில், கரண்டியிலிருந்து வழியக்கூடியதாக இருந்தது. அதில் ரொமெய்ன் இலைகளை முழுசு முழுசாகப் போட்டு, ஒவ்வொரு இலையும் பளபளவென்று ஆகும்வரை புரட்டி, நான்கைந்து இலைகளைத் தட்டில் நீளவாக்கில் அடுக்கி, வறுத்த ரொட்டி வில்லை ஒன்றை ஓரத்தில் வைத்தார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

முள்கரண்டி வைத்திருந்தார்கள். ஆனால் தொடக்க காலத்தில் இதைக் காம்பைப் பிடித்துக் கையால்தான் சாப்பிட்டார்கள் என்று படித்திருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் அம்மா கையில் எடுத்துவிட்டாள். மகளும் எடுத்தாள். இலையின் நுனியில் சாஸும் சீஸும், காம்புப் பக்கம் வெறும் ஈரமும் மொறுமொறுப்பும். கடிக்கும்போது முதலில் உப்பு, பின்னாலேயே புளிப்பு, கடைசியில் பூண்டு மூக்கில் ஏறுகிறது. அம்மா இரண்டாவது இலையைப் பாதி தின்றுவிட்டு நிறுத்தினாள்.

"ஏட்டி, இது நம்ம நெத்திலில்லா!"

நான் சொல்லாமலே நாக்கு கண்டுபிடித்துவிட்டது. ஆன்ச்சோவியும் நெத்திலியும் ஒரே மீன் குடும்பம். நாம் வெயிலில் காயவைத்துக் கருவாடாக்குகிறோம். மத்தியதரைக்கடல் பக்கம் தலையைக் கிள்ளி, உப்பு அடுக்கி, மாதக்கணக்கில் அழுத்தி வைத்து, பிறகு எண்ணெயில் போடுகிறார்கள். அந்த மாதங்களில் மீனின் புரதம் உடைந்து, கறிச்சாற்றில் இருப்பது போன்ற ஆழமான ருசியாக மாறுகிறது. அதனால்தான் நான்கு துண்டு போட்டாலும் சாலடில் மீன் வாடை அடிப்பதில்லை, உப்பு மட்டும் கூடுதல் கனமாக நாக்கில் உட்காருகிறது. கார்டினியின் முதல் சாலடில் ஆன்ச்சோவி கிடையாது என்று ரோசா சொல்லியிருக்கிறார். அந்த மீன் சாயல் வுஸ்டர்ஷைர் சாஸிலிருந்து வந்ததாம். அந்த சாஸ் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: வினிகர், வெல்லப்பாகு, ஆன்ச்சோவி, புளி. ஆமாம், நம் புளியேதான். இன்று சீசர்ஸில் இரண்டையும் போடுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் எனக்குத் தெளிந்தது. அமெரிக்கச் சமையல் குறிப்புகள் எல்லாம் பெரிய மஞ்சள் லெமனைப் போடச் சொல்கின்றன. டிஹுவானாவில் அவர் பிழிந்தது சின்னப் பச்சை எலுமிச்சை. மெக்சிகோவில் லிமோன் என்றால் அதுதான். நம் ஊர் எலுமிச்சையும் அவர்களுடைய சின்ன லிமோனும் ஒரே இனம், ஸ்பானியர்கள் வழியாகக் கடல் தாண்டிப் போனது. லெமனின் இனிப்புப் புளிப்புக்கும் இதன் சுருக்கென்ற புளிப்புக்கும் சாலடில் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

உணவகத்தைப் பற்றி என் முடிவு இது. சாலட் ஒன்றுக்காகவே எல்லை தாண்டிப் போகலாம். மற்ற பதார்த்தங்களையும் கேட்டோம், நன்றாக இருந்தன, ஆனால் நான் மறுபடி போனால் அந்தத் தள்ளுவண்டிக்காகத்தான் போவேன். கலக்குபவரிடம் கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். மகள் எட்டுக் கேள்வி கேட்டாள், எட்டுக்கும் கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். வார இறுதியில் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் சேர்கிறது, பன்னிரண்டரைக்கே போய்விட்டால் வண்டிக்குப் பக்கத்தில் மேசை கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாளே செய்ய உட்கார்ந்தேன். எடுத்ததும் சரியாக வரவில்லை. முதல் தடவை மிக்ஸியில் எல்லாவற்றையும் போட்டு ஓட்டினேன். இரண்டு தப்பு நடந்தது. சாஸ் கெட்டியாகிக் கேண்டீன் சாஸ் மாதிரியே ஆனது. அதோடு கசந்தது. நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயை வேகமான பிளேடில் அடித்தால் அதில் இருக்கும் கசப்புப் பொருள்கள் வெளியே வந்துவிடும். ஆகவே மிக்ஸி வேண்டாம். இரண்டாவது தடவை கையால் கலக்கினேன், ஆனால் எண்ணெயை அவசரமாகக் கொட்டிவிட்டேன். சாஸ் திரிந்துபோய் எண்ணெய் தனி, சாறு தனி என்று நின்றது. அதைக் கொட்ட வேண்டியதில்லை. இன்னொரு மஞ்சள் கருவை வேறு பாத்திரத்தில் எடுத்து, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் மறுபடி சேர்ந்துவிடுகிறது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் என்ற பொருள்தான் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் பிடித்து வைக்கிறது. அதற்கு நேரம் கொடுத்தால் போதும், முதல் இரண்டு ஸ்பூன் எண்ணெய்க்கு மட்டும் பொறுமை வேண்டும்.

மூன்றாவது தடவை வந்தது. இப்போது வாரம் ஒருமுறை செய்கிறேன், அளவு கைக்குப் பழகிவிட்டது. நான்கு பேருக்கு இரண்டு ரொமெய்ன் குருத்து, ஆன்ச்சோவி நான்கு துண்டு, பெரிய பூண்டுப் பல் ஒன்று, டிஜோன் கடுகு ஒரு டீஸ்பூன், வுஸ்டர்ஷைர் ஒரு டீஸ்பூன், மஞ்சள் கரு ஒன்று, எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, துருவிய சீஸ் 40 கிராம். உப்பு தனியாகப் போடுவதில்லை. மீனும் சீஸும் பார்த்துக்கொள்ளும். மிளகு கண் அளவு, ஆனால் தாராளமாக.

பூண்டையும் மீனையும் அரைக்க என்னிடம் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த சின்ன இடிகல் இருக்கிறது. இஞ்சி, ஏலக்காய் தட்டுவதற்கென்று வைத்திருந்தேன். அதில் பத்துத் தட்டுத் தட்டி வழித்து மரக் கிண்ணத்தில் போட்டால் டிஹுவானாவில் பார்த்த அதே விழுது. மரக் கிண்ணம் பழைய பொருள் கடையில் எட்டு டாலருக்குக் கிடைத்தது. சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவித் துடைத்து வைக்கிறேன். மரம் இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரத்திலும் செய்யலாம், ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. அகலம் மட்டும் முக்கியம். இலையைப் புரட்ட இடம் இல்லாவிட்டால் அடியில் உள்ளவை நனைந்து மேலே உள்ளவை வெறுமனே நிற்கும்.

வாங்கும் பொருள்களில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் பணத்தை வீணாக்கினேன்.

ஆன்ச்சோவி கண்ணாடிப் பாட்டிலில் வாங்குங்கள். டியூபில் பற்பசை மாதிரி வரும் விழுது வசதியானதுதான், ஆனால் நான் வாங்கியதில் உப்பும் வினிகர் வாடையும் மட்டும் இருந்தது, மீனின் ருசி இல்லை. பாட்டிலில் துண்டுகள் சிவந்த பழுப்பாக, முழுசாக, எண்ணெயில் மூழ்கி இருக்க வேண்டும். ஒரு பாட்டில் ஆறேழு டாலர், நான்கு தடவைக்கு வரும்.

சீஸ் விஷயத்தில் நான் கறார். ஏற்கெனவே துருவி டப்பாவில் அடைத்த பொடி வேண்டவே வேண்டாம். கட்டிப் பிடிக்காமல் இருக்கச் செல்லுலோஸ் கலக்கிறார்கள், அது சாஸில் கரையாமல் மணல் மாதிரி நிற்கிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று தோலில் புள்ளிப் புள்ளியாக எழுத்துப் பொறித்திருக்கும் துண்டை வாங்குங்கள். இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா முதலான சில பகுதிகளில் செய்து, குறைந்தது 12 மாதம் பழுக்க வைத்ததற்குத்தான் அந்தப் பெயர் போடலாம். விலை கூடத்தான். 200 கிராம் வாங்கினால் எங்களுக்கு ஒரு மாதம் வருகிறது. சைவக்காரர்கள் கவனிக்க: பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்த்துத்தான் இந்தச் சீஸைச் செய்கிறார்கள். எந்த உணவகத்திலும் சீசர் சாலடைச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். மீன், முட்டை, இந்த ரென்னெட், மூன்றும் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

முட்டை பச்சையாகப் போவதால் பயப்படுபவர்கள் உண்டு, அது நியாயமான பயம். சிறு வயதில் பெற்றோருடன் டிஹுவானா போய் இதைச் சாப்பிட்ட சமையல்கலைஞர் ஜூலியா சைல்ட், பின்னாளில் ரோசாவிடமே கேட்டு எழுதிய முறையில் முட்டையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுக்கச் சொல்கிறார். அந்த ஒரு நிமிடம் கருவைக் கொஞ்சம் கெட்டியாக்கும், அவ்வளவுதான். சால்மோனெல்லாக் கிருமியைக் கொல்லாது. இங்கே ஓட்டோடு பாஸ்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும்படி மிதமாகச் சூடாக்கிய முட்டை சில கடைகளில் கிடைக்கிறது. அம்மாவுக்கு வயது 68, மகள் சின்னவள், அதனால் நான் அதைத்தான் வாங்குகிறேன். கர்ப்பிணிகளும் அதையே வாங்குங்கள், அல்லது முட்டையே இல்லாமல் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இலை. நறுக்கிப் பையில் அடைத்த லெட்டூஸை இதற்கு எடுக்காதீர்கள். முழுக் குருத்தாக வாங்கி, வெளி இலை நான்கைந்தைக் கழற்றிப் பொரியலுக்கு வைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் இங்கே வரும் லெட்டூஸ் பெரும்பாலும் அரிசோனாவின் யூமா பகுதியிலிருந்து, கோடையில் கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து. 2018இல் ஈ கோலை கிருமிப் பரவல் வந்து, நாடு முழுக்க ரொமெய்ன் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்ததை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவுகிறேன். பிறகு ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம். வாடிய இலைகூட விறைத்துக்கொள்ளும். அப்புறம் துணியில் பரப்பி ஒற்றி, அதே துணியில் சுருட்டிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம். இலையில் ஈரம் இருந்தால் சாஸ் ஒட்டாது, வழுக்கிக் கீழே போய்விடும். முதல் இரண்டு வாரம் சாஸை மட்டுமே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தைத் துடைத்த அன்றுதான் டிஹுவானா ருசி வந்தது.

ரொட்டிக்கு முந்தின நாள் பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) போதும். கணவர்தான் செய்வார். விரல் கனத்துக்கு வில்லை போட்டு, பூண்டு ஊறிய ஆலிவ் எண்ணெயைத் தடவி, ஓவனில் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெளியே மொறுமொறு, நடுவில் லேசாக மெத்தென்று இருக்கும்போதே எடுக்க வேண்டும். மகள் அதைக் கிண்ணத்தின் அடியில் மிச்சம் இருக்கும் சாஸில் துடைத்துச் சாப்பிடுவாள். கிண்ணம் கழுவத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்துவிடுவாள்.

கடையில் வாங்கும் பாட்டில் சாஸோடு ஒப்பிட வேண்டும் அல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், பாட்டிலைப் பெயர் தெரியாமல் கிண்ணத்தில் ஊற்றி. பாட்டில் சாஸில் முதலில் தெரிந்தது இனிப்பு. வீட்டுச் சாலடில் நான் சர்க்கரையே போடுவதில்லை. அடுத்து கனம், இலையின்மேல் போர்வை மாதிரி மூடிக்கொண்டது. பூண்டு உலர்ந்த பொடியின் பூண்டு. சீஸ் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. பூண்டு நசுக்கிய கணத்தில் வரும் காரமும், எலுமிச்சை பிழிந்த கணத்தில் வரும் வாசனையும் மாதக்கணக்கில் பாட்டிலில் நிற்காது. வீட்டில் நானே காலையில் கலக்கி மாலை வரை வைத்துப் பார்த்தேன், அதிலும் பாதி போய்விட்டது. சாப்பிடும் நேரத்தில், சாப்பிடும் இடத்தில் கலக்க வேண்டும். இலையைப் புரட்டியதும் தட்டுக்கு வர வேண்டும். இப்போது மரக் கிண்ணம் எங்கள் வீட்டில் சமையலறையில் இருப்பதில்லை, சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. எலுமிச்சை பிழிவது மகளின் வேலை, எண்ணெய் விடுவது கணவரின் வேலை, கலக்குவது நான்.

அம்மா வந்து ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, சாலட் கேட்டாள். எங்கள் வீட்டில் வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளும் மீன், முட்டை கிடையாது. அன்றைக்கு வேறு விதமாகச் செய்தேன். மீனுக்குப் பதில் உப்புநீரில் ஊறிய கேப்பர் மொட்டு ஒரு டேபிள்ஸ்பூன், அதை இடிகல்லில் பூண்டோடு நசுக்கினேன். வுஸ்டர்ஷைருக்குப் பதில் கெட்டிப் புளிக்கரைசல் அரை டீஸ்பூன், துளி வெல்லம், சில சொட்டு சோயா சாஸ். முட்டைக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன். சீஸுக்கு, தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று லேபிளில் எழுதிய வேறு கெட்டிச் சீஸ். கடுகு, மிளகு, எலுமிச்சை, எண்ணெய் எல்லாம் வழக்கம்போல. இதை நான் சீசர் என்று சொல்ல மாட்டேன். அந்த உப்பின் ஆழம் வராது, தயிர் சாஸை வெளுப்பாக்கிவிடுகிறது. ஆனால் இலை இலையாகக் கையில் எடுத்துச் சாப்பிட நன்றாக இருந்தது. புளி சேர்த்தது மட்டும் எதிர்பார்த்ததைவிடப் பொருத்தமாக அமைந்தது, மற்ற நாள்களிலும் சில சொட்டு சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

நான்கு பேருக்கு எனக்கு ஆகும் செலவு 12 டாலர் பக்கம், நேரம் இலை காயும் நேரம் போக இருபது நிமிடம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒரு இலையைத் தின்றார், எலுமிச்சை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த தடவை அரைப் பழம் கூடுதலாகப் பிழிந்தேன், அவர் சொன்னதுதான் சரி.

பாட்டிலில் மீதியிருக்கும் ஆன்ச்சோவியை எண்ணெய் மூடி நிற்கும்படி வைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், சில வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு நாள் இருப்பதில்லை. போன சனிக்கிழமை காலையில் எழுந்து வந்து பார்த்தால், அம்மா அந்த எண்ணெயிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கி, இரண்டு துண்டு மீனை அதில் கரைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.